ஆனி நின்ற இடம்

சாவு வீட்டு வீடியோவை எடிட் செய்ய எனக்குப் பிடிக்காது. கல்யாண வீடியோவில் தப்பு இருந்தால் திட்டுவார்கள், திருத்திக் கொடுத்துவிடலாம். சாவு வீடியோவைப் பார்த்து யாரும் திட்டுவதில்லை. பேசாமல் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் செய்தது சரியா தப்பா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஆனாலும் ஆனி அக்கா வந்து கேட்டபோது மறுக்க முடியவில்லை. மந்தாரக்குப்பத்தில் என் ஸ்டூடியோவுக்கு இரண்டு கடை தள்ளி, மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். அவருடைய அப்பா சவரிராஜ் நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட்டாக இருந்து ரிடையர் ஆனவர், போன மாதம் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்ததும் சர்ச் ஹாலில் திரை கட்டி, அடக்கத்தன்று எடுத்த வீடியோவைச் சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

"இதுல தம்பியச் சேக்கணும் பிரியா," என்றார்.

தம்பி ஆரோன் குவைத்தில் இருக்கிறான். வேலையில் சேர்ந்து நான்கே மாதம், அடக்கத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. இப்போது வெள்ளைச் சட்டை போட்டு, கையைக் கட்டி, தலை குனிந்து நின்று, செல்போனில் தன்னையே படம் எடுத்து அனுப்பியிருந்தான். அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் தான் நிற்பது மாதிரி செய்து தரவேண்டுமாம்.

"அம்மாகிட்ட சொல்லல. பாத்தா சந்தோஷப்படும். அவனும் தெனம் போன்ல அழறான்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. வராதவனை வந்ததாகக் காட்டுவது என்ன நியாயம்? ஆனால் அப்பாவைப் பறிகொடுத்து நிற்பவரிடம் நியாயம் பேச முடியுமா? வாயை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

சர்ச்சில் எடுத்த படம் அகலவாக்கில் இருந்தது. ஆரோனின் படம் உயரவாக்கில். ஒன்றின் மேல் ஒன்றை அப்படியே வைத்தபோது அவன் தலை திரையின் மேல் விளிம்பில் வெட்டுப்பட்டது, முகம் பீடத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. தானாகப் பொருத்திக்கொள்ளும் பொத்தானை அழுத்தினேன். ஆள் திரைக்குள் வந்துவிட்டான், ஆனால் பக்கத்தில் நின்றவர்களெல்லாம் அவனுக்குப் பிள்ளைகள் போல இருந்தார்கள். ஃபிரேமைப் பொருத்துவதை மெஷின் செய்துவிடும், ஆளைப் பொருத்துவதை நாம்தான் செய்யவேண்டும்.

"தம்பி உங்களைவிட எவ்ளோ உயரம்கா?"

ஆனி அக்கா எழுந்து நின்று, தன் தலைக்கு மேல் நான்கு விரல் தள்ளிக் கையை வைத்துக் காட்டினார். "இவ்ளோ இருப்பான். முகம் மட்டும் என் முகம் அளவுதான்."

வீடியோவில் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்த ஆனி அக்காவின் முகத்தையே அளவாக வைத்துக்கொண்டு ஆரோனைச் சிறிது சிறிதாகக் குறைத்தேன். நூறிலிருந்து இறங்கி இருபத்திரண்டு சதவீதத்தில் இரண்டு முகமும் ஒத்துப்போயின. அக்காவும் தம்பியும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

அடுத்து, அவனை எங்கே நிறுத்துவது? அவன் படம் மார்போடு முடிந்துவிடுகிறது. இடுப்பும் காலும் இல்லாத ஆளை நடுக் கூடத்தில் நிறுத்த முடியாது, எதற்காவது பின்னால்தான் நிறுத்தவேண்டும். மற்ற பக்கமெல்லாம் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் தலைமாட்டில் மட்டும்தான் வாகான இடம். ஜெபம் முடியும்வரை அங்கே நின்றவர் ஆனி அக்கா.

"அங்கயே வை," என்றார்.

"நீங்க மறைஞ்சிருவீங்கக்கா."

"எனக்கென்ன. நான்தான் நேர்லயே நின்னுட்டனே."

வைத்தேன். அவர் அளவுக்கே குறைத்த படமாயிற்றே, அவரைச் சுத்தமாக மூடிவிட்டது. ஒரு கை மட்டும் மிஞ்சியது. அப்பாவின் நெற்றிமேல் வைத்திருந்த அந்த வலது கை, ஆரோனின் படம் முடிகிற விளிம்புக்குக் கீழே அப்படியே தெரிந்தது. கையைக் கட்டி நிற்கிறவனுக்கு மூன்றாவதாக ஒரு கை.

"அத அழிச்சிடேன்."

"அழிக்கலாம்கா. ஆனா கை கடைசிவரைக்கும் அங்கயேதான் இருக்கு. அதுக்கு அடியில இருக்கறத கேமரா பாக்கவே இல்ல. கைய எடுத்தா அப்பா நெத்தியும் போயிரும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, இருக்கட்டும். யார் கவனிக்கப் போறாங்க."

ஹாலில் போடுவதற்கு முன் ஒருமுறை காட்டிவிடலாம் என்று, வெள்ளிக்கிழமை காலை தன் அம்மா லூசியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வீடியோவை ஓடவிட்டேன். மகனைப் பார்த்ததும் அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஆரோனு," என்று திரையைத் தொட்டார். கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. ஆனி அக்கா என்னைப் பார்த்து, போதும், நல்லா வந்துடுச்சு என்பதுபோல் தலையசைத்தார்.

லூசியம்மாளின் விரல் மெல்லக் கீழே இறங்கியது.

"இது ஆனி கையாச்சே."

ஆனி அக்கா சட்டென்று என்னைப் பார்த்தார்.

"அவ எங்க? தலமாட்டுல அவதான நின்னுகினு இருந்தா. பெட்டிய மூடறவரிக்கும் கையே எடுக்கலியே."

"நான் அந்தப் பக்கமா இருந்தேம்மா. கேமராவுல விழல," என்றார் ஆனி அக்கா.

பச்சைப் பொய். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மவுஸை எடுத்து ஆரோனின் படத்தை மட்டும் மறைத்தேன். அவன் போனான், அதே இடத்தில் ஆனி அக்கா நின்றார். கலைந்த தலையும் தூக்கமில்லாத கண்ணுமாக, அப்பாவின் நெற்றியில் கை வைத்தபடி.

"மறுபடி அவனப் போடு கண்ணு," என்றார் லூசியம்மாள். போட்டேன். "எடு." எடுத்தேன். மூன்று முறை அப்படிப் பார்த்தார். பெற்ற மகன் முகத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவரிடமிருந்து பிடுங்கிவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

"தம்பிக்குப் போன் போடு ஆனி. வெள்ளிக்கிழமைன்னா அவனுக்கு லீவுதான."

ஆனி அக்கா தயங்கித் தயங்கிப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"வீடியோவப் பாத்தேன்டா தம்பி."

"நல்லா இருக்காம்மா?" அவன் குரலில் அவ்வளவு ஆவல்.

"நல்லாத்தான் இருக்குது. நீ நிக்கிற எடத்துலதான் உங்க அக்கா நின்னுகினு இருந்தா. அவள மறைச்சிகினு நிக்கிறடா."

"எனக்குத் தெரியாதும்மா. அக்கா சொல்லவே இல்ல. எடுத்துடச் சொல்லு," என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"நீ அழுவாத. உன்ன யாரும் குத்தம் சொல்லல," என்றார் லூசியம்மாள். "லீவு கெடைக்கிறப்ப வா. அப்பா எங்கியும் போயிட மாட்டாரு."

ஆரோன் இல்லாமலே வீடியோவைச் சேமித்தேன்.

அடக்கத்து வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவள் நான். அதில் ஓர் இடத்தில்கூட ஆனி அக்கா அழவில்லை. இப்போது என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கடைக்கு வெளியே கேட்கும்படி அழுதார். லூசியம்மாள் தடுக்கவில்லை.