திறந்து பார்த்த இன்ஜின்

புகை வந்தால் இன்ஜினையே மாற்று என்று சொல்கிறவர் மெக்கானிக் இல்லை, வியாபாரி. இதை என் வீட்டுக்காரரின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் ரிப்பேருக்கு வந்திருந்த பல் டாக்டரின் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியது. மற்றவர்கள் இந்த மாதிரிக் காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, மூடி வைத்துவிடுவார்கள். டாக்டர் அதில்தான் தினமும் கிளினிக்குக்குப் போனார், கொட்டுகிற மழையிலும் போனார். இப்போது சைலன்சரில் நீலப் புகை. ஆயிலை ஊற்ற ஊற்றக் குடிக்கிறது. இன்ஜினைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டியாகிவிட்டது, பிரிப்பதுதான் பாக்கி.

"பிரிச்சுக் கட்டறதெல்லாம் வெட்டி வேலை. கார் உடைக்கிற இடத்துல இதே மாடல் இன்ஜின் ஒண்ணு கிடக்கு. கொண்டுவந்து மாட்டினா முடிஞ்சுது" என்றார்.

"அது எவன் ஓட்டினதோ, எப்படி ஓட்டினானோ! இது நான் கட்டின இன்ஜின். இதோட ஜாதகமே எனக்கு அத்துப்படி."

"சாயங்காலம் டாக்டர் வர்றார். மாத்திடலாம்னு சொல்லிடு. வம்பு பண்ணாதே."

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கம் அவருடையது. ஆட்களிடம் பேசுவது, பிரேக், வயரிங் எல்லாம் அவர். பின்னறையும் இன்ஜின்களும் என்னுடையவை. நான் தனியாகக் கட்டிய முதல் இன்ஜின் இதுதான். அதற்குப் பிறகு யாரும் திறக்காமலேயே இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. புதிதாக வருகிறவர்கள் "இன்ஜின் வேலை யாரு பார்க்கறது?" என்று என்னிடமே கேட்டுவிட்டு, என் தோளுக்குப் பின்னால் ஓர் ஆம்பளையைத் தேடுவார்கள். அப்போதெல்லாம் இந்தக் காரைத்தான் கைகாட்டுவேன். டாக்டரும் வாய் நிறையச் சொல்வார்: "நான் பல் டாக்டர், இவங்க இன்ஜின் டாக்டர்!" எப்போது வந்தாலும் இதே ஜோக்தான். நானும் எப்போதும் சிரித்தேன், வெட்கங்கெட்டவள்.

இந்த இன்ஜினைத் தூக்கி எறிவது என் பெயரைத் தூக்கி எறிகிற மாதிரி. அது என் வீட்டுக்காரருக்குத் தெரியாதா? அதுவும் திறந்துகூடப் பார்க்காமல் முடிவு சொல்கிறவர் இல்லை அவர். எனக்கு உறுத்தியது. அவர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பியதும் ஸ்பேனரை எடுத்தேன்.

மேல்பக்கம் நான் எதிர்பார்த்த மாதிரியே இருந்தது. சிலிண்டர் தேய்ந்திருந்தது, ஆனால் கொஞ்சம் கடைந்து ரீபோர் செய்தால் சரியாகிற அளவுக்குள்தான். பிஸ்டன் ரிங்குகள்தான் செத்துப்போயிருந்தன. பாரு, பிழைக்கிற இன்ஜினைப் போய்க் கொல்லப் பார்த்தாரே மனுஷன் என்று திட்டிக்கொண்டே அதைத் தலைகீழாகத் திருப்பி, ஆயில் சேம்பரைக் கழற்றினேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கிராங்கைப் பிடித்திருக்கும் பேரிங் மூடிகளின் போல்ட்டை முறுக்கி முடித்ததும், போல்ட்டின் தலையிலிருந்து மூடி வரைக்கும் ஊதா நிற நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பேன். கோடு நேராக இருக்கிறவரை போல்ட் அசையவில்லை என்று அர்த்தம். என் கை இருக்கிற லட்சணத்துக்கு நகத்தில் பூச முடியாது, இன்ஜினாவது பூசிக்கொள்ளட்டுமே.

கோடு உடைந்திருந்தது. ஒரு துண்டு போல்ட்டில், ஒரு துண்டு மூடியில், இரண்டும் சேரவில்லை. ஐயோ, லூசாகிவிட்டதா என்று ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். கல்லாக இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். எல்லா போல்ட்டிலும் என் கோடு உடைந்து, பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் வேறொரு கோடு நேராக ஓடியது. எனக்குப் பிறகு யாரோ எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி முறுக்கியிருக்கிறார்கள்.

மஞ்சள் பெயிண்ட் யாருடையது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒல்லி என்று ஒரு கூட்டாளி, நகரத்தின் மறுகோடியில் இன்ஜின் கடை வைத்திருப்பவன், அவன் முறுக்குகிற போல்ட்டிலெல்லாம் மஞ்சள் கோடுதான். நான் கட்டி முடிக்கும் இன்ஜின் காருக்குள் ஏறும் முன் ஆயில் பிரஷர் டெஸ்ட்டுக்கு அவனிடம்தான் போகும். இந்தச் சின்ன டெஸ்ட்டுக்கு ஏன் இரண்டு நாள் என்று கேட்டால், "அங்க கூட்டம்" என்பார் இவர். நானும் நம்பினேன்.

அவர் திரும்பி வந்தபோது டார்ச்சை அடித்துக் காட்டினேன். கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"திறந்துட்டியா?"

"நான் கேக்க வேண்டிய கேள்விய நீங்க கேக்கறீங்களா?"

"கத்தாதே. முன்னாடி ஆள் இருக்காங்க."

"இருக்கட்டும்! என்ன தப்பு பண்ணியிருந்தேன்? எந்த பேரிங்கத் தலைகீழா போட்டிருந்தேன்? சொல்லுங்க, இப்பவாவது கத்துக்கறேன்."

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒல்லியே அசந்துபோயிட்டான்."

"அத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா திறந்தது தெரிஞ்சுடுமே. இப்பவும் அதுக்குத்தான் மாத்திடலாம்னேன்."

தப்பு இருந்திருந்தால்கூட எனக்கு வயிறு இப்படி எரிந்திருக்காது. கட்டிய புருஷனே என்னை நம்பவில்லை, நம்புகிற மாதிரி இத்தனை வருஷம் நடித்திருக்கிறார். அப்படியும் மனசு கேட்கவில்லை. முதல் இன்ஜின், பயந்திருப்பார், ஒரே ஒரு தடவைதானே, விட்டுத் தொலை என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டு முகத்தைக் கழுவினேன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன இன்ஜின் டாக்டர், பேஷண்ட் பிழைக்குமா?"

"பிழைக்கும் டாக்டர். கிராங்க் நல்லா இருக்கு. ரீபோர் பண்ணி, புது பிஸ்டன், புது பேரிங் போட்டா இன்னும் தாராளமா ஓடும். வேற இன்ஜின் வாங்கினா அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்புறம் என்ன யோசனை? உங்க கையாலயே கட்டிடுங்க."

"கட்டறேன். கட்டினப்புறம் யாரு திறந்து பார்க்கணும்?"

டாக்டரின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்க்கவில்லை, இவரைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லிட்டீங்களா?" என்று இவரிடம்தான் கேட்டார்.

ஆக, டாக்டருக்கும் தெரியும்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். "நான்தான் ஒரு தடவை பார்த்துடச் சொன்னேன். பொம்பளைங்க இன்ஜின் கட்டி நான் பார்த்ததே இல்லையா, அதான். அது அப்போ. இப்போ உங்கள விட்டா எனக்கு யாரு?"

அந்த ஜோக்குக்கு நான் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. இன்னும் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அதை இவரிடம் கேட்டேன்.

"போன வாரம் டெஸ்ட்டுக்குப் போச்சே, வேன் இன்ஜின். அதையும் திறந்தீங்களா?"

சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்தார். "ஒரு சேஃப்டிக்குத்தான்... எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துட்டா..." என்று இழுத்தார். பிறகு, சமாதானம் செய்கிற குரலில், "ஆனா சத்தியமா சொல்றேன், ஒண்ணுலகூட ஒரு குறை வந்ததில்ல. எல்லாமே அருமையா இருந்துச்சு" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்! இந்த இரண்டு பேர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தும் அழுகை வந்துவிட்டது.

"டாக்டர், இந்த இன்ஜினக் கட்டத்தான் வேணும். மாத்தாதீங்க. ஆனா நான் கட்ட மாட்டேன்." ஏப்ரனைக் கழற்றி ஸ்டாண்டின் மேல் போட்டேன். இவர் பக்கம் திரும்பி, "இனிமே இன்ஜின் வேலைக்கு ஒல்லியையே வச்சுக்கோ" என்றேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் வாசலைத் தாண்டும்போது டாக்டரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்: "எல்லாமே நல்லா இருந்துச்சுன்னுதானே சார் சொன்னேன்? இதுல கோவப்பட என்ன இருக்கு?"