கோட்டைக் கதவுச் சண்டை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. அந்தப் படத்தில் ராஜாவுக்குத் தம்பிகள் மூன்று பேரா ஐந்து பேரா, வில்லன் கடைசியில் மதிலிலிருந்து விழுந்தானா பாலத்திலிருந்து விழுந்தானா, எல்லாம் கலங்கித்தான் கிடக்கிறது. அந்த சோபாப் பட்டறையில் வேலை செய்தவர்களில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்வார்கள். படத்தை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தால் தீர்ந்துவிடுமே என்பீர்கள். தீராது. ஏன் தீராது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பட்டறை ஒரு நீளமான கூடம். வாசலை ஒட்டி மரச்சட்டம் அடிப்பவர். கதவுக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும் என்கிற உடம்பு. அதனால் மலை என்று பெயர். எல்லாருக்கும் மூத்தவர், வாயைத் திறப்பது அபூர்வம். அவரிடமிருந்து வரும் சட்டங்களுக்குப் பட்டை இழுத்துச் சுருள்கம்பி கட்டுபவன் ஸ்பிரிங். கம்பியை விட அவன்தான் அதிகம் துள்ளுவான். அடுத்தது பஞ்சு மெத்தையை நீளக் கத்தியால் அறுப்பவன். தலையிலும் புருவத்திலும் எந்நேரமும் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். கூடத்தின் கடைசியில், ஜன்னலோரம், ரெக்ஸின் தைக்கும் தையல்காரர். பஞ்சு அறுப்பவன் அவருடைய மைத்துனன். அக்கா புருஷன் பார்த்து உள்ளே நுழைத்துவிட்ட வேலை அது.

தையல்காரருக்குச் சின்ன உடம்பு, அதைவிடச் சின்னக் குரல். எதையும் இரண்டு முறை சொன்னால்தான் அடுத்தவர் காதில் விழும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக்கூட அப்படித்தான் சொல்வார். இரண்டாவது தடவையும் கேட்கவில்லையென்றால் பேசாமல் இருந்துவிடுவார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பதில் அவருக்குப் பெரிய வருத்தமும் இல்லை.

ஆனால் ஒரு நேரம் உண்டு. அப்போது அவர் மூச்சு விட்டாலும் மற்ற மூவரும் காது கொடுப்பார்கள்.

ஊரின் பெரிய தியேட்டருக்கு நாற்காலி தைத்துக் கொடுப்பது இந்தப் பட்டறைதான். வாளும் குதிரையும் வரும் பெரிய சண்டைப் படம் என்றால் ரசிகர்கள் நாற்காலியில் உட்காருவதைவிட ஏறி நிற்பதுதான் அதிகம். அதனால் அந்த மாதிரிப் படம் வெளியாகும் நாளில், முதல் காட்சிக்கு முன்னால் தையல்காரர் வளைந்த ஊசியும் நூலுமாகப் போய், கிழிந்த இருக்கைகளை அங்கேயே தைத்துக் கொடுப்பார். வேலை முடிந்ததும் மேனேஜர் ஓர் ஓர இருக்கையைக் காட்டி, "உக்காந்து பாத்துட்டுப் போங்க" என்பார். மற்ற மூவரும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அதுவரை யார் பொறுப்பது? படம் விட்டு அவர் திரும்பும்வரை மூன்று பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் வந்து, கை கழுவி, முக்காலியில் உட்கார்ந்து, "மொதல்ல காத்து" என்று ஆரம்பிப்பார். "காத்து மட்டும்தான். ஒருத்தனும் பேசல. இந்தப் பக்கம் ஆயிரம் பேரு, அந்தப் பக்கம் ஆயிரம் பேரு. ஒரு குதிர மட்டும் கால மாத்தி வெக்கிது."

அவ்வளவுதான், மூன்று பேர் வாயும் திறந்துகொள்ளும். அந்த வேளையிலும் அவர் குரல் சின்னதாகவே இருக்கும். மற்றவர்கள்தான் குனிந்து கிட்டே வருவார்கள். கோட்டைக் கதவுச் சண்டையை அவர் சொன்ன நாளில் மலையின் கையிலிருந்த கவளம் டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றது. கதாநாயகன் இடுப்பில் சங்கிலியைக் கட்டிக்கொள்கிறான். மறுமுனையைக் கதவின் மேல்வளையத்தில் மாட்டி, மதிலின் மறுபக்கம் குதிக்கிறான். அவன் கீழே போகப் போகக் கதவு மேலே எழும்புகிறது.

"அதுக்குள்ள அம்பு விடுறானுங்க. இவன் தொங்கிக்கிட்டே வாளால தட்டுறான். டிங், டிங், டிங்."

இவ்வளவும் சொன்ன மனிதர் அந்தச் சண்டையைப் பார்த்ததே இல்லை. எந்தச் சண்டையையும் பார்த்ததில்லை.

வாள் ஓங்கியதும் அவர் கண் தானாக மூடிக்கொள்ளும். ரத்தம் என்றால் ஆகாது. முதல் தடவை அப்படி மூடியபோது, அடுத்த படத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தார். பட்டறைக்குத் திரும்பி வந்தால் மூவரும் டப்பாவைத் திறக்காமல் காத்திருக்கிறார்கள். என்ன சொல்வது? காதில் விழுந்ததைச் சொன்னார். இரும்போடு இரும்பு மோதினால் ஒரு சத்தம், மரத்தோடு மோதினால் வேறு. ஊசி முறியப் போவதைச் சத்தத்திலேயே பிடித்துவிடும் தையல்காரருக்கு அது தெரியாதா. நடுவில் விட்டுப்போன இடங்களைத் தைத்துக்கொண்டார். சொல்லச் சொல்ல அது கண்ணால் பார்த்ததைப் போலவே ஆகிவிட்டது. இதில் விசேஷம், அந்தப் படங்களை அவர் மனதார நேசித்தார். அடுத்த படம் எப்போது என்று சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டே நடந்து விளக்குக் கம்பத்தில் மோதிக்கொள்ளும் அளவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் படத்துக்குப் போனார்கள். கதாநாயகன் கதவை ஓங்கி ஒரு உதை விட்டான், கதவு விழுந்தது. சங்கிலியைக் காணோம்.

"வெட்டிட்டானுங்க" என்றான் ஸ்பிரிங்.

அதிலிருந்து வருஷக்கணக்காக இதே வழக்கு. அவர் சொன்ன சண்டை படத்தில் இருக்காது. இருந்தாலும் பாதிதான் இருக்கும். நாளுக்கு இன்னொரு ஷோவை நுழைப்பதற்காகத் தியேட்டர்காரர்கள் படம் வெளியான வெள்ளிக்கிழமையே, முதல் காட்சி முடிந்ததும், கத்தரித்துவிடுகிறார்கள் என்பதில் மூவருக்கும் துளி சந்தேகம் இல்லை. ஸ்பிரிங் இரண்டு முறை மேனேஜரின் சட்டையைப் பிடித்தான்.

"சார், அந்தச் சங்கிலிய எங்க வெச்சிருக்கீங்க? மரியாதையா சொல்லுங்க."

"என்ன சங்கிலிப்பா? நான் போடுறதே இல்லையே" என்று மேனேஜர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கோட்டைக் கதவுப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. ஸ்பிரிங் முதலாளியிடம் போய் நின்று, அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்தான்.

"இந்தத் தடவ நாலு பேரும் மொத ஷோவுக்கே போறோம். கத்திரி விழறதுக்கு முன்னாடியே பாத்துடணும். அண்ணே, உங்க பக்கத்து சீட்டு எனக்குத்தான்."

தையல்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவளுக்கு விஷயம் முன்பே தெரியும்.

"எனக்கு ரெண்டு பிரசவம். ரெண்டுக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல மயங்கி விழுந்து, எனக்கு முன்னாடி பெட்டு வாங்கின ஆளு நீங்க. இது ஊருக்கே தெரியுமே. அவங்ககிட்ட சொன்னா என்ன?"

"உன் தம்பியும் அங்கதான இருக்கான்."

"அவனுக்கென்ன, காக்ரோச்சு பாத்தா கட்டில்மேல ஏறுவான்."

சிரிப்பார்களே என்று அவர் பயப்படவில்லை. சிரித்தால் இரண்டு நாளில் ஆறிவிடும். அதற்குப் பிறகு, அவர் முக்காலியில் உட்காரும்போது யாரும் குனிந்து கிட்டே வரமாட்டார்கள். டப்பாவைத் திறந்து தங்கள் பாட்டுக்குச் சாப்பிடுவார்கள். அவருக்கு இருந்தது அந்த ஒரு நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பஸ்ஸில் கேட்காத குரல்தான்.

"கண்ணத் தொறந்தே வெச்சுக்கறேன்" என்றார் கடைசியில். "ஒரு நாள்தான. செத்தா போயிடுவேன்."

காலைக் காட்சி. அவர்களே தைத்த வரிசையில் உட்கார்ந்தார்கள். மலைக்கு இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவில் இடம் பற்றவில்லை. விளக்கு அணைந்தது. படம் நன்றாகத்தான் போனது. ராஜா பேசினார், அம்மா அழுதாள், தம்பிகள் சத்தியம் செய்தார்கள். தையல்காரர் கண்ணை இமைக்காமல் வைத்துக்கொண்டார். தண்ணீர் வழிந்தது. அம்மாவுக்காக அழுகிறார் என்று மைத்துனன் கைக்குட்டையை நீட்டினான்.

பிறகு கடைசிச் சண்டை. மைதானம், காற்று, இரண்டு பக்கமும் படை. முதல் வாள் உயர்ந்தது. ஒரு கழுத்து தெரிந்தது.

கண் மூடிக்கொண்டது. அவர் மூடவில்லை, அதுவாக மூடிக்கொண்டது. திறக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு ஈட்டி ஒன்று மரக்கேடயத்தில் இறங்கும் சத்தம் கேட்டது. பின்னால் சக்கரம் கிறீச்சிட்டது. ஓ, ரதம். அவருக்குள் விளக்கு எரிய ஆரம்பித்தது. சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டார். தையல் மிதியை மிதிப்பதுபோல வலது கால் ஆடியது. கைகள் மடியில் எழுந்து எழுந்து தாழ்ந்தன.

"அண்ணே, பாத்தீங்களா" என்று குதூகலமாகத் திரும்பிய ஸ்பிரிங், மூடிய கண்களைப் பார்த்தான்.

தூக்கம் என்று முதலில் நினைத்தான். தூங்குகிறவர் முகம் இப்படி இருக்குமா? புருவம் ஏறுகிறது, உதடு இறுகுகிறது, திடீரென்று தலை சாய்ந்து எதற்கோ வழி விடுகிறது. பிறகு ஒரு சிரிப்பு. ஸ்பிரிங் முழங்கையால் மலையை இடித்தான். மலை மெல்ல முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தார். மறுபக்கத்திலிருந்து மைத்துனனும் பார்த்தான். திரையில் ஆயிரம் பேர் மடிந்தார்கள், கூட்டம் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தது. இந்த மூன்று பேர் மட்டும் திரைக்கு முகத்தைக் காட்டாமல் ஒரு சின்ன மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் ஓய்ந்தது. தையல்காரர் கண்ணைத் திறந்தார். எதிரே மூன்று முகங்கள்.

பட்டறைவரை யாரும் பேசவில்லை. மலை பேசாமல் வருவது வழக்கம்தான். ஸ்பிரிங் பேசாமல் வந்ததை அன்றைக்குத்தான் தெரு பார்த்தது. உள்ளே வந்து நால்வரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். டப்பாக்கள் திறக்கவில்லை. தையல்காரர் முக்காலிக்குப் போகவில்லை; மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஓடாத சக்கரத்தின்மேல் கையை வைத்திருந்தார்.

"எத்தன வருஷமா?" என்றான் ஸ்பிரிங்.

"மொதப் படத்துலேருந்து."

"என்ன?"

"மொதப் படத்துலேருந்து" என்று இரண்டாவது முறையாகச் சொன்னார்.

"அப்ப அந்தச் சங்கிலி?"

"சங்கிலிச் சத்தம் கேட்டுச்சு. மத்தது... எனக்கு அப்படித் தெரிஞ்சுது."

"அதுக்காக நான் அந்த மனுஷன் சட்டையப் புடிச்சிருக்கேண்ணே. பட்டன் தெறிச்சு விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்துக்கூடக் குடுக்கல."

"அக்காவுக்குத் தெரியுமா மாமா?" என்றான் மைத்துனன்.

"தெரியும்."

"காக்ரோச்சு கத சொன்னாளா?"

தையல்காரர் தலையசைத்தார். மைத்துனன் தலையிலிருந்த பஞ்சுத் தூளைத் தட்ட ஆரம்பித்தான்.

அப்போது வாசல் பக்கம் சட்டங்கள் லேசாக ஆட ஆரம்பித்தன. மலை சிரிக்கிறார். சத்தமே இல்லாமல், பெஞ்சும் சேர்ந்து குலுங்கக் குலுங்க. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலோரம் வந்தார். அங்கே ஒதுங்கிக் கிடந்த முக்காலியைக் காலால் நகர்த்தி, கதை சொல்லும்போது அது எப்போதும் இருக்கும் இடத்தில், கூடத்தின் நடுவில் வைத்தார்.

"தம்பி" என்றார். "கடைசிச் சண்டையில என்னதான் ஆச்சு?"

"நீங்கதான் பாத்தீங்களே அண்ணே."

"எங்க பாத்தோம்? உங்க மூஞ்சியத்தான பாத்துக்கிட்டிருந்தோம்."

ஸ்பிரிங் மைத்துனனைப் பார்த்தான். மைத்துனன் மலையைப் பார்த்தான். உண்மைதான். டிக்கெட் வாங்கி, அரை நாள் லீவு போட்டு, மூன்று பேரும் சண்டையைக் கோட்டைவிட்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துக்கங்க" என்றார் தையல்காரர்.

"அது கெடக்கட்டும். நடுவுல ஒரு எடத்துல சிரிச்சீங்க. அது எதுக்கு?" என்றான் ஸ்பிரிங். "அங்க எல்லாரும் சாகுறானுங்க, நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அது தெரிஞ்சாகணும். இல்லன்னா சாப்பாடு எறங்காது."

தையல்காரர் மிஷின் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். முக்காலிக்கு வந்தார். உட்கார்ந்ததும் வழக்கம்போல மூவரையும் பார்த்தார். பிறகு, முதல் முறையாக அவர்கள் எதிரிலேயே, கண்ணை மூடிக்கொண்டார்.

"மொதல்ல காத்து" என்றார்.

மூவரும் குனிந்து கிட்டே வந்தார்கள்.

அவர் சிரித்த காரணம் ஒரு குதிரை. ரதத்தில் பூட்டியது. அதன் தோல்வாரை வில்லன் வெட்டிவிடுகிறான், ரதம் கவிழ்கிறது, குதிரை மட்டும் அவ்வளவு அமளிக்கு நடுவில் யார்மேலும் இடிக்காமல் வெளியே வந்து, மேட்டில் ஏறி நின்று, திரும்பிப் பார்த்துக் கனைக்கிறது.

"யோசிச்சுப் பாத்தா, உங்க சண்டையில குதிரைக்கு மட்டும் ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல மாமா" என்றான் மைத்துனன்.

"அதுக்கு என்ன தெரியும் பாவம்" என்றார் தையல்காரர், கண்ணைத் திறக்காமல்.

டப்பாக்களை அவர்கள் திறந்தபோது எல்லாம் ஆறிப்போயிருந்தது. நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் ஸ்பிரிங் தியேட்டருக்குப் போய் மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டான். சங்கிலிச் சண்டையை முழுதும் சொல்லி முடித்தபோது மேனேஜர், "இது உண்மையாவே நம்ம படத்துல இல்லையா?" என்று வருத்தத்தோடு கேட்டாராம்.

பிறகு மேனேஜர் ஓய்வு பெற்றுத் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மலைக்கு முழங்கால் வலி வந்து வேலையை விட்டார். சண்டைப் படம் வெளியாகும் நாளில் மட்டும் சாப்பாட்டு நேரத்துக்குப் பட்டறைக்கு வந்துவிடுவார். ஸ்பிரிங் பஸ் இருக்கை செய்யும் கம்பெனியில் சேர்ந்தான், நல்ல சம்பளம். மைத்துனனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. தையல்காரர் அதே ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருக்கிறார், இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு. அவர் மனைவிக்கு அந்த மாதிரிப் படங்கள் மிகவும் பிடித்துப்போய்விட்டன. இருவரும் சேர்ந்தே போகிறார்கள். அவள் பார்க்கிறாள், அவர் கேட்கிறார்.