துரைக்கு எந்த நாடு

கடியப்பட்டணத்தில் பூனைக்குப் பஞ்சம் என்று யாரும் சொன்னதில்லை. வள்ளம் கரையேறுகிற நேரத்துக்கு ஊர்ப்பூனைகள் எல்லாம் மீன் ஏலக்காரர்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் காசு கொடுத்துப் பூனை வாங்கியவன் ஷாஜன். வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் புறப்படும் முன் நாகர்கோவிலில் ஒரு வளர்ப்புக்காரரிடம் போய் வாங்கிவந்து, மனைவி அபினாவின் மடியில் வைத்தான். சப்பை மூக்கு, சாம்பல் நிறம், உடம்பு பூராவும் ரோமம்.

"பெர்ஷியன் பூனையாக்கும். நான் வாறது வரைக்கும் உனக்குத் தொணைக்குக் கெடக்கட்டு," என்றான்.

அது மீன் தின்னாது. கடையில் விற்கிற உருண்டைத் தீனிதான் இறங்கும். "பெரிய தொரையில்லா இவரு," என்று மாமியார் குளோரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே பேராகி, துரை என்று நிலைத்துவிட்டது.

ஷாஜன் போன படகு ஒரு நாள் காற்றில் ஒதுங்கி ஈரான் கடல் எல்லைக்குள் போய்விட்டது. பிடித்து அங்கே ஒரு துறைமுகத்தில் கட்டிப்போட்டார்கள். வழக்கு முடியும்வரை ஆட்களும் படகிலேயே கிடக்க வேண்டுமாம். இங்கிருந்து மனுக்கள் போயின, அங்கிருந்து பதில்கள் வந்தன, ஷாஜன் மட்டும் வரவில்லை.

அழுது ஓய்ந்தபின் அபினா அந்தோணியார் குருசடிக்குப் போய் நேர்ச்சை போட்டாள். மற்ற பெண்கள் மெழுகுதிரி, மொட்டை, கஞ்சி விளம்புவது என்று நேர்ந்துகொள்வார்கள். இவள் நேர்ந்தது வேறு. புருஷன் திரும்பி வரும்வரை ஈரான் சாமான் ஒன்றுகூடத் தன் வாசல்படி தாண்டாது. எதிர்வீட்டு ஜின்சி, அண்ணன் கொண்டுவந்ததென்று பேரீச்சம்பழம் கொடுத்தபோது, பெட்டியைப் புரட்டி நாட்டின் பேரைப் படித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தாள். அந்தோணியார் இதையெல்லாம் கணக்கில் எடுப்பாரா என்று நமக்குத் தெரியாது. ஆனால் கடலில் மாட்டிக்கொண்டவனுக்காகக் கரையில் இருப்பவள் வேறு என்னதான் செய்ய முடியும்? எதையாவது செய்யாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

தடுப்பூசிக்காகத் துரையைக் கூடையில் வைத்துக் குளச்சலுக்குக் கொண்டுபோனாள். மிருக டாக்டர் ஸ்ரீனிவாசன் நல்ல மனுஷர். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"வீட்டுக்காரர் இன்னும் ஈரான்லதானா? இவனுக்கும் பூர்வீகம் அங்கதாம்மா," என்று பூனையின் கழுத்தைச் சொறிந்தார்.

"இது பெர்ஷியா இல்லியா டாக்டர்?"

"பெர்ஷியாதான் ஈரான். நாட்டுக்குப் பேரு மாறி எத்தனையோ காலமாச்சு. பூனைக்கும் கம்பளத்துக்கும் இங்கிலீஷ்ல பழைய பேரே நின்னுபோச்சு. சயாம் தாய்லாந்து ஆயிட்டு, பூனை இன்னும் சயாமிஸ்தான். சிலோன்னு நாடு கிடையாது, கடையில போய்க் கேளுங்க, சிலோன் டீ கிடைக்கும். எங்க வீட்டுக் கதவு பர்மா தேக்கு. பர்மா எங்க இருக்கு இப்ப?"

சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டார். அபினா பூனையை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள். நேர்ச்சை போட்ட நாளிலிருந்து இது தன் தலையணையில்தானே படுத்துக் கிடக்கிறது! ஷாஜன் வராததற்கு வழக்கும் காரணமில்லை, அதிகாரிகளும் காரணமில்லை. காரணம் இதோ கூடைக்குள் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே ஜின்சி வீட்டில் கூடையை இறக்கினாள். "கொஞ்ச நாளு இங்க நிக்கட்டு, ஜின்சி. கேக்காத, பொறவு சொல்லுதேன்."

விஷயம் தெரிந்ததும் குளோரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, நாரோயில்ல பெத்துப்போட்ட பூனைக்கு ஏதுட்டி பாஸ்போட்டு?"

"நேர்ச்சைன்னா நேர்ச்சைதான் மாமி. நாட்டுக்குப் பேரு மாறினா அந்தோணியாருக்குத் தெரியாதா?"

துரை ஜின்சி வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அபினா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டாள். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. வலித்தால்தான் நேர்ச்சை பலிக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். குளோரி மட்டும் சேலைத் தலைப்பில் தீனியை மறைத்துக்கொண்டு அடிக்கடி எதிர்வீட்டுக்குப் போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அபினா வீட்டுக்கு வந்தபோது ஷாஜன் யாரிடமோ இரவல் வாங்கிய போனில் வீடியோவில் வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. "தொரையக் காட்டு," என்றான் எடுத்த எடுப்பில்.

அபினா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிப்பான், அல்லது ஏசுவான் என்று நினைத்தாள். அவன் ரெண்டும் செய்யவில்லை. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். கனத்த கறுப்புக் கோட்டு ஒன்று போட்டிருந்தான்.

"ஏட்டி, எனக்க உடுப்பப் பாரு. நான் கொண்டுவந்ததெல்லாம் இத்துப்போச்சு. இது ஹார்பர்ல காவலுக்கு நிக்குற ஒரு வயசாளி தந்தது. செருப்பும் அவருக்கதுதான். அவருக்க வீட்டுல இருந்து ரொட்டியும் பேரீச்சம்பழமும் வரும், அதத்தான் நாங்க திங்குதோம். எனக்க மேலுல மிச்சம் இருக்குற சதை அவங்க சோறுட்டி. நாளைக்கி விட்டா நான் இந்தக் கோலத்துலதான் வந்து நிப்பேன். என்னையும் வாசல்ல வச்சுத் தடுத்து, ஜின்சி வீட்டுக்கு அனுப்பிருவியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

அபினா எழுந்து தெருவைக் கடந்தாள். ஜின்சி கதவைத் திறந்ததும் துரை தானாகவே காலடியில் வந்து முட்டியது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஜின்சி, அன்னைக்கித் தந்த பேரீச்சம்பழம் மிச்சம் இருக்கா?"

பெட்டி கையிலும் பூனை தோளிலுமாகத் தன் வாசல்படி முன் வந்து நின்றாள். பயமாகத்தான் இருந்தது. "அந்தோணியாரே, பொறுத்துக்கிடணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே காலை வைத்தாள்.

கட்டிலில் உட்கார்ந்து ஒரு பழத்தை வாயில் போட்டு மென்றாள். ஷாஜனும் இன்றைக்கு இதைத்தான் தின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள்.