கரைக்கு வந்தபின் வைக்கிற புள்ளி

காலர் பாதிதான் ஆகியிருந்தது. அதற்குள் மேசை மேலிருந்த வெள்ளைப் பெட்டி இனிமையாக மணியடித்து, "நலமாகக் கரை சேர்ந்தேன்" என்று எழுதிக் காட்டியது. தையற்காரி மிதியிலிருந்து காலை எடுத்தாள். அவள் வீட்டுக்காரர் படகை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அக்கரை போய்ச் சேர்வதற்குள் ஒரு சட்டையின் காலர் முடிந்துவிடும். காற்று எதிர்த்தடித்தால் கைப்பட்டியும் முடியும். இன்றைக்கோ ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொள்கிற காற்று. அக்கரையில் வேலை முடிந்து நிற்பவர்களை அழைத்துவரத் தனியாகப் போயிருக்கிறார். இந்தக் காற்றில், அதற்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

"எங்க இருக்கீங்க?" என்று பெட்டியில் தட்டினாள். கையை எடுக்கும் முன்னே பதில் வந்துவிட்டது. "கரையில் இருக்கிறேன்."

அவர் எழுதவில்லை. அவருக்குப் பதிலாகப் பெட்டி எழுதுகிறது. அது அவளுக்குத் தெரியாததா என்ன? தெரிந்தும் இத்தனை நாளாக ஆசை ஆசையாகப் படித்தாளே!

அந்த ஏரிப் பக்கத்தில் செல்போன் எடுக்காது. மின்விசிறி, மிக்ஸி எல்லாம் பழுதுபார்க்கும் வயர் அக்காதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சோப்பு டப்பாவுக்குள் ஒரு குட்டி ரேடியோ, ஒரு பேட்டரி, ஒரு சின்னத் திரை, நாலு பொத்தான். ஒரு வீட்டு டப்பா சொன்னதை அடுத்த வீட்டு டப்பா வாங்கி அதற்கடுத்ததிடம் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் நடுவில் தண்ணீர்த் தொட்டி உச்சியில் ஒன்று. மழை படாமலிருக்க டப்பாக்களுக்கெல்லாம் ரெக்சின் உறை தைத்துக் கொடுத்தவள் தையற்காரி. ஊர் முழுக்க அதில் வம்பளந்தது. படகுக்காரர் மட்டும் கரை சேர்ந்ததும் ஒரே ஒரு புள்ளி அனுப்புவார்.

"இத்தாம் பெரிய ஏரியத் தாண்டிப் போய் ஒரு புள்ளி வெக்கத்தான் தோணுதா உங்களுக்கு?"

"சேந்தாச்சு. வேற என்ன சொல்ல?"

அப்புறம் ஒருநாள் கம்பெனித் தம்பி வந்தார். வழவழவென்று வெள்ளைப் பெட்டிகள், சும்மாவே தருகிறார்களாம். நாம் ஒன்றும் தட்ட வேண்டாம், கரை சேர்ந்தால் அதுவே கண்டுபிடித்துச் சொல்லுமாம். சோப்பு டப்பாவோடு மட்டும் அது பேசாது. வயர் அக்கா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு திருகாணிகூட இல்லையே தம்பி. உள்ள என்ன நடக்குதுன்னு எப்படிப் பாக்கறது?"

"எதுக்குங்கக்கா பாக்கணும்? அது பாட்டுக்கு வேலை செய்யும்."

"வாயே திறக்காத பொருள எத நம்பி வெக்கிறது?"

தையற்காரிதான் குறுக்கே புகுந்தாள். "நான் இருபது வருஷமா வாயே திறக்காத மனுஷனோட குடும்பம் நடத்தலையா? நல்லாத்தானே ஓடுது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்த சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது. படகுக்காரரும் சிரித்தார். சிரித்தபடி தன் சோப்பு டப்பாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். தொட்டி உச்சியிலிருந்த டப்பா இறங்கியது. வெள்ளைப் பெட்டி ஏறியது. படகிலும் ஒன்று உட்கார்ந்தது. அன்று மாலையே அவளுக்கு முழுசாக ஒரு வாக்கியம் வந்தது.

இப்போது தையற்காரி செருப்புகூடப் போடாமல் வயர் அக்கா கடைக்கு ஓடினாள்.

"கரையில இருக்கேன்னு சொல்லுதுக்கா. இருக்க முடியாது. காலரே முடியல."

வேறு யாராவது இருந்தால் இதென்ன கணக்கு என்று கேட்டிருப்பார்கள். வயர் அக்கா கேட்கவில்லை. பரணிலிருந்து பழைய டப்பாக்கள் இரண்டை இறக்கிப் பேட்டரி மாட்டினாள். "படகு ஆடாம அசையாம நின்னா அத கரைன்னு நெனச்சுக்குதோ என்னவோ. தொறந்து பாத்தாத்தானே தெரியும், சனியன்! ஏணியப் பிடிடி."

தொட்டியின் இரும்பு ஏணியைத் தையற்காரி அணைத்துப் பிடித்தாள். மேலே வயர் அக்காவின் புடவை காற்றில் கொடியாகப் பறந்தது. டப்பாவை அதன் பழைய கொக்கியில் மாட்டிய கொஞ்ச நேரத்தில், தையற்காரியின் மடியில் செருகியிருந்த இன்னொரு டப்பா சிலிர்த்தது.

"மோட்டார் நின்னுடுச்சு. ஏரி நடுவுல பட்ட மரத்துல மாட்டிக்கிட்டேன். நாலஞ்சு வாட்டி அனுப்பினேன் போகல. சாப்டியா."

அவர் வாழ்நாளில் எழுதிய மிக நீளமான சேதி அதுதான். படிக்கப் படிக்கக் கண்ணீர் எழுத்தை மறைத்தது. வயர் அக்கா மேலிருந்தே குரல் கொடுக்க, மீன்பிடிக்கிற அண்ணன் தம்பி இருவரும் தங்கள் படகைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கரைக்கு ஓடிவந்து நின்ற அவள் பாதத்தை அலை நனைத்தது.

"படகுல தண்ணி ஏறுதா?" என்று தட்டினாள்.

"கொஞ்சம். மொண்டு ஊத்தறேன்."

வெள்ளைப் பெட்டியாக இருந்தால் இந்தக் 'கொஞ்சம்' வந்திருக்காது. அவளுக்கோ அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. "எனக்குப் பயமா இருக்குங்க. ஒரே ஒரு புள்ளி வெச்சிடுங்களேன்."

டப்பா வெகுநேரம் சும்மா கிடந்தது. அவர் தண்ணீர் மொண்டுகொண்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டாள். பிறகு வந்தது.

"கரைக்கு வந்துதான் வெப்பேன்."

"பாரேன் இந்த மனுஷன!" என்றாள் அழுதுகொண்டே. பக்கத்தில் வந்து நின்ற வயர் அக்கா அவள் தோளில் கை போட்டாள். அக்கா கையெல்லாம் ஏணித் துரு.

தூரத்தில் மீன்காரர்களின் விளக்கு பட்ட மரங்களுக்கிடையே புகுந்தது. நின்றது. நின்ற இடத்திலேயே ஆடியது. அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பி, கரையைப் பார்த்து வரத் தொடங்கியது. தையற்காரி ஈரம் படாமல் முந்தானையில் டப்பாவைச் சுற்றினாள். திரையை மட்டும் வெளியே விட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள்.