அதே நீலத்தில் பத்து உருண்டை

என் கழுத்து பொய் சொல்லாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் என் நூல் கடைக்கு வருகிறவர்கள் லேபிளைப் படிப்பதற்கு முன்னால், "சிந்தியா, கழுத்துல வச்சுப் பாத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். புதிய நூல் வந்தால் ஓர் உருண்டையை எடுத்து, காதுக்குக் கீழே இரண்டு நிமிடம் அழுத்தி வைத்திருப்பேன். முரட்டு ரோமம் என்றால் தோல் உடனே சிவந்து தடித்துவிடும். மெல்லிய மெரினோ ரோமம் என்றால் லேசாகக் குறுகுறுக்கும். பருத்தி, மூங்கில், பட்டு கலந்தது என்றால் கழுத்து சும்மா இருக்கும். உல்லன் விற்கிறவளுக்கு உல்லன் ஒத்துக்கொள்ளாது என்பது வேடிக்கைதான். ஆனால் அந்த வேடிக்கையால்தான் கடை ஒன்பது வருடமாக நடக்கிறது.

ஒத்துக்கொள்ளாததால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. பெட்டியைப் பிரித்ததும் வருகிற ஆட்டு ரோம வாசனை எனக்குப் பிடிக்கும். மெரினோவை இழுத்து விட்டால் அது மெல்லத் தன் இடத்துக்குத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மூங்கில் நூல் தண்ணீர் மாதிரி விரலில் வழுக்கும், ஊசியில் நிற்காது, புதிதாகப் பின்னுகிறவர்களை அழவைக்கும். பருத்தி பிடிவாதக்காரி. இழுத்தால் இழுத்த இழுப்பில் நிற்பாள். ஆனால் நூறு முறை துவைத்தாலும் முகம் மாறாது. யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில் நான் தவறியதே இல்லை. நூலைப் பற்றி மட்டுமாவது இப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

க்ளென் முதன்முதலில் வந்தது ஜூன் மாதம். பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. வீடு தங்கச் சுரங்க ஊரான தங்கவயலில். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ரயிலில் வந்து போகிறவர். கை சும்மா இருந்தால் போனைத்தான் நோண்டுகிறது என்று வீடியோ பார்த்துப் பின்னல் கற்றுக்கொண்டாராம்.

"ரயில்ல ஆம்பளை உக்காந்து ஸ்வெட்டர் பின்னினா யாரும் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பாங்களா? 'இன்னா மச்சான், எத்தனாவது மாசம்'னு கேட்டானுங்க. கேட்டவனுக்கே ஒரு மங்கி கேப் போட்டுக் குடுத்தேன். இப்ப அவன்தான் எனக்கு சீட்டு புடிச்சு வெக்கிறான்."

அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நூலில் ஒரே ஓர் உருண்டை வாங்குவார். அடுத்த முறை வரும்போது அந்த நூலில் உள்ளங்கை அளவு ஒரு சதுரம் பின்னிக்கொண்டு வந்து நீட்டுவார். "இது கடிக்குதா பாருங்க." நான் கழுத்தில் வைத்துப் பார்ப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கழுத்தை மட்டும் கவனமாகப் பார்த்துவிட்டு, சதுரத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

"யாருக்குப் போடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தங்களுக்கு. முழுக்கை ஸ்வெட்டர். நூல்தான் இன்னும் முடிவாகல."

அந்த ஒருத்தி நான்தான் என்று எனக்குத் தோன்றியது. இல்லையென்றால் என் கழுத்தை எதற்கு இவ்வளவு சிரத்தையாகப் பார்க்க வேண்டும்? தோன்றியது என்று சொல்வது அடக்கத்துக்காக. எனக்கு அது கிட்டத்தட்ட உறுதி.

என் அண்ணி ஜோசஃபினுக்குப் பொறுமை குறைவு. கடைக்குப் பின்னால்தான் வீடு. சமையலறை ஜன்னலிலிருந்து கடை முழுவதும் தெரியும். "அவன் நூல் வாங்க வரல சிந்தியா. உனக்கு நூல் விடுறான்" என்றார்.

"விடட்டும் அண்ணி. நல்ல நூலான்னு நான் பாத்துக்கறேன்."

"ஆறு மாசமா விடுறான், இன்னும் ஒரு முடிச்சு போடக் காணோம். உனக்கு முப்பத்திரண்டு. குக்ஸ் டவுன் லாயிட் வீட்டுல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பொண்ணு பாக்க வரட்டுமான்னு கேக்கறாங்க. நல்ல பையன், பேங்க் வேலை. வரச் சொல்லவா, வேணாமா?"

"வியாழக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

வியாழக்கிழமை க்ளென் வருகிற நாள். நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அதற்கு முந்தைய முறை அவர் வந்திருந்தபோதுதான் அந்த நீலம் வந்திருந்தது. இமாச்சல் ஆட்டு ரோமம். மழை விட்ட ஆறு மணிக்கு வானம் ஒரு நிறத்தில் இருக்குமே, அந்த நிறம். நான் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கீழே வைக்க மனமில்லாமல் நின்றிருந்தேன். கழுத்து நெருப்பாய்ச் சிவந்துவிட்டது. "ஐயோ, போதும் எடுத்துடுங்க" என்று க்ளென்தான் என் கையிலிருந்து அந்த உருண்டையை வாங்கினார்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. நான் வாசலில் கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கடையில் போன் அடித்தது. மாலை வேளையில் என்னோடு இருந்து நூல் சிட்டங்களை உருண்டையாகச் சுற்றித் தருகிற லட்சுமம்மா எடுத்துப் பேசினார். அவருக்குக் கன்னடம்தான் வரும், தமிழ் அரைகுறை.

"க்ளென் அவரு. டிரெயின்ல இருக்காராம், டியூட்டி மாறிப்போச்சாம். சனிக்கிழமை வர்றாரு. 'அதே நீலி, ஹத்து' அப்படின்னாரு. எடுத்து வெக்கச் சொன்னாரு."

ஹத்து என்றால் பத்து. அதே நீலத்தில் பத்து உருண்டை.

எனக்குக் கணக்குப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பத்து உருண்டை என்றால் ஒரு பெண்ணுக்கு முழுக்கை ஸ்வெட்டர். அதுவும் என் கழுத்து எரிந்த அதே ரோமத்தில். எரிந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்படியென்றால் அந்த ஸ்வெட்டர் எனக்கில்லை. ரோமம் ஒத்துக்கொள்கிற கழுத்துடன் எங்கோ ஒருத்தி இருக்கிறாள். நான் வெறும் தராசு.

பத்து உருண்டைகளை எடுத்தேன். லேபிளில் சாயத் தொகுதி எண்ணைப் பார்த்தேன். இரண்டில் எண் வேறாக இருந்தது. மாற்றி எடுத்தேன். அவள் யாராக இருந்தாலும், கை ஒரு நீலமும் உடம்பு ஒரு நீலமுமாக என் கடையிலிருந்து போகக் கூடாது. பையில் போட்டுக் கட்டி வைத்துவிட்டு சமையலறைக்குப் போனேன்.

"லாயிட் வீட்டுல வரச் சொல்லுங்க அண்ணி."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். உடனே போனை எடுத்தார்.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு க்ளென் வந்தார். பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பிரித்துப் பார்த்தவரின் புருவம் சுருங்கியது.

"இது உல்லன் ஆச்சே."

"நீங்க கேட்டதுதான். அதே நீலத்துல பத்து."

"பத்தா? நான் எங்கங்க பத்து கேட்டேன்?"

"ஹத்துன்னு போன்ல சொன்னீங்களாம்."

க்ளென் லட்சுமம்மாவைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "ஹத்தி-ங்க. ஹத்தி. பருத்தி. அந்தம்மாவுக்குப் புரியட்டும்னு கன்னடத்துல சொன்னேன். மாலூர் கிட்ட வண்டி வேற ஊதிக்கினே இருந்துச்சு."

"நான் சரியாத்தான் கேட்டேன்" என்றார் லட்சுமம்மா, சுற்றுகிற கையை நிறுத்தாமல். "உங்க தங்கவயல்ல கன்னடத்தையும் தோண்டித்தான் எடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எதுக்குப் பருத்தி?"

அவர் பையை மெதுவாக மூடினார். "அந்தக் கலர் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. கன்னத்துல வெச்சவங்க கீழயே வெக்கல. ஆனா கழுத்து செவந்துபோச்சு. அதான், அதே நீலம், ஆனா ஹத்தி."

லட்சுமம்மாவின் கை இப்போது நின்றது.

"ஆறு மாசம் ஆச்சா இதைச் சொல்ல?" என்றேன்.

"நூலு தப்பாப் போயிட்டா நீங்க போட மாட்டீங்க. போடாத ஸ்வெட்டரை வெச்சுக்கினு நான் எந்த மூஞ்சியோட வந்து கேக்கறது? ஒவ்வொண்ணா பாத்துட்டு வந்தேன். பன்னெண்டு நூலு பாத்தாச்சு."

"எங்க அண்ணி நீங்க எனக்கு நூல் விடுறீங்கன்னு சொல்றாங்க."

"வித்தது நீங்கதானே" என்றார் க்ளென்.

இப்போது சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். அண்ணி எண்ணெய்க் கரண்டியோடு அங்கேயே நின்றிருந்தார். நாளைக்கு வருகிறவர்களுக்காக ரோஸ் குக்கி எனும் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தவர்.

"அண்ணி, லாயிட் அம்மா நம்பர் சொல்லுங்க."

"நான் பேசிக்கறேன், நீ..."

"வரச் சொன்னது நான். நானே பேசறதுதான் மரியாதை."

நம்பரை வாங்கி, க்ளென் எதிரிலேயே பேசினேன். "ஆன்ட்டி, நான் சிந்தியா. நாளைக்கு நீங்க வர வேணாம். உங்க பையன்மேல ஒரு குறையும் இல்ல. நான் ஒரு விஷயத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வரச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடுங்க." அந்த அம்மாள், "இப்பவே சொன்னியே, அது போதும்" என்று வைத்துவிட்டார். நல்ல மனுஷி.

"ரெண்டு டப்பா சுட்டாச்சு" என்றார் அண்ணி ஜன்னலிலிருந்து. "யாரு திங்கறது இதை?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு தங்கவயல்லேர்ந்து வருவாங்க அண்ணி. இவங்க அம்மா, அப்பா." க்ளெனைத் திரும்பிப் பார்த்தேன். "வருவாங்கதானே?"

"டிரெயின் கிடைக்கலன்னா பஸ்ஸுல வருவோங்க."

நான் ஏணியை இழுத்துப்போட்டு மேல் தட்டிலிருந்து பருத்திப் பெட்டியை இறக்கினேன். அதே நீலத்தில் இரண்டு வகை இருந்தது. ஒன்று முறுக்கு அதிகம், பளபளக்கும், பின்னலின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெரியும். மற்றொன்று மொடமொடப்பாக, துவைக்கத் துவைக்க மிருதுவாகிற ரகம். க்ளெனின் கை பளபளப்பின் பக்கம் போனது.

"அது பாக்கறதுக்கு. இது போட்டுக்கறதுக்கு" என்று இரண்டாவதை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை என் காதுக்குக் கீழே வைத்தார். இந்த முறை அவரே வைத்தார். இரண்டு நிமிடம். கழுத்து சும்மா இருந்தது. நெஞ்சைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது.

"அப்ப இதுல பத்து" என்றார்.

"பத்து போதாது. பருத்தி கனம், உல்லன் அளவுக்கு ஓடாது. நானும் அவ்வளவு ஒல்லி இல்ல. பன்னெண்டு ஆகும்."

"நான் அளவே எடுக்கலையேங்க."

மேஜை இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அண்ணி நகர்வதாக இல்லை. நாடாவின் நுனியை என் தோளில் வைத்து, கையின் நீளத்தை அளந்தார். நாடாவைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நூறு நோயாளிகளை எக்ஸ்ரே எந்திரத்தின் முன்னால் அசையாமல் நிற்கவைக்கிறவர்.

லட்சுமம்மா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எண்ணத் தயாரானார்.

"ஹன்னெரடு" என்றார் க்ளென் அவரிடம் கன்னடத்தில், ஒவ்வொரு எழுத்தாக.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றார் லட்சுமம்மா. "அப்புறம் நான் தப்பாக் கேட்டேன்னு சொல்லக் கூடாது."