பக்கத்துக் காம்பராவில் பார்ட்டி

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும் என்பார்கள். ஜொய்சி போட்டது லண்டன்காரி வேஷம். இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டு ஒற்றை அறையான காம்பராவின் கதவைச் சாத்திக்கொண்டு, புத்தக அலமாரி அச்சடித்த திரைச்சீலை ஒன்றை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, தினமும் பின்னேரம் அவள் போன் திரையில் சீனர்களுக்கு இங்கிலீஷ் உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் அரிசிச் சாக்கும் அம்மாவின் கொழுந்துக் கூடையும் இருந்தன.

ஹட்டனில் ஒரு மாடியறையில் இருந்து இந்த வியாபாரத்தை நடத்தும் றொக்சன்தான் அவளுக்குக் கதை கட்டிக் கொடுத்தவன். பெயர் ஜோய், இந்தியத் தாய் தகப்பனுக்கு லண்டனில் பிறந்தவள். சீனாக்காரன் உன் இங்கிலீஷுக்குக் காசு கொடுக்கவில்லை, லண்டனுக்குத்தான் கொடுக்கிறான் என்று அவன் பல் குத்திக்கொண்டே சொன்னபோது ஜொய்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் தலையாட்டினாள். அம்மா பவுலினுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவள் கொழுந்து பறிக்க மலை ஏறுவதை நிறுத்தியிருந்தாள். குட்டு வெளிப்பட்டாலும் சரி, ஒரு பாடம் தவறினாலும் சரி, அன்றோடு வேலை இல்லை என்று றொக்சன் சொல்லி வைத்திருந்தான்.

யூ லான் அவளுடைய மாணவிகளிலேயே கெட்டிக்காரி. செங்டூ நகரத்தில் ஒரு ஓட்டலில் வேலை. ஒரு வெள்ளைக்கார விருந்தாளி அவளை 'மூன்றாம் மாடி' என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, கூட்டாளிகளோடு சேர்ந்து சிரித்தானாம். அன்றிலிருந்து வைராக்கியம். பல்லுக்கிடையில் நாக்கைக் கொடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, உதடு வெடிக்கும் வரை பழகுகிறாள். வரவேற்பு மேசைக்கு மாறுவதற்கான நேர்முகத் தேர்வு அவளுக்கு நாளைக்கு. இன்று கடைசிப் பாடம்.

ஜொய்சிக்கு அந்த வைராக்கியம் புதிதல்ல. நுவரெலியாவில் படித்த காலத்தில் அவளுடைய தோட்டத்து இங்கிலீஷைக் கேட்டு வகுப்பே சிரித்திருக்கிறது. அவளும் இப்படித்தான் நாக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எவனோ ஒருவன் ஊரில் வாயை எப்படிக் கோணுகிறார்கள் என்பதற்காக, செங்டூவில் ஒருத்தியும் பூண்டுலோயாவில் ஒருத்தியும் தங்கள் வாயைத் தாங்களே வெறுக்க வேண்டியிருந்தது. என்ன பிழைப்போ.

அன்று மத்தியானம் பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு செத்துப்போனாள். நெஞ்சுச் சளி. பாடம் நடக்கும் நேரத்தில் இருமல் வந்தால் அவள் துவாய்த் துண்டை வாய்க்குள் திணித்துக்கொள்வாள். "பாப்பா படிச்சுக் குடுக்குது, சத்தம் போடாதீங்க" என்று லயத்துப் பிள்ளைகளை விரட்டிவிடுவாள். அப்படிப்பட்ட மனுஷி கிடத்தப்பட்டிருக்கும்போது ஜொய்சி அங்கேதான் இருக்கவேண்டும். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பிரேதம் எடுக்கும்வரை எந்த அடுப்பும் எரியாது. வேதக்காரர்கள், சைவக்காரர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பவுலின் காலை இழுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டாள். ஜொய்சியும் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, நாலரை மணிக்கு முகத்தைக் கழுவி, பவுடர் பூசி, திரைச்சீலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். எழுந்து வரும்போது யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு சாவுக்குத் தப்பு மேளம் அடிப்பவர்கள் பாதையில் வந்து சேர்ந்தார்கள். கூடவே அம்மாக்கண்ணுவின் மகள் ஜீவராணி ஒப்பாரி வைத்தாள். ஜொய்சி காதோடு ஹெட்செட்டை இன்னும் அழுத்திக்கொண்டாள். அதனால் என்ன பிரயோசனம்? மைக்குக்குக் காது இருந்தது.

அது என்ன சத்தம், மேளமா என்று யூ லான் கேட்டாள்.

ஜொய்சியின் வாய், அந்தக் கழுவித் துடைத்த வாய், ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ட்டி வைக்கிறார்கள் என்று அழகான இங்கிலீஷில் சொன்னது.

யூ லானுக்கு ஒரே சந்தோஷம். லண்டன் பார்ட்டி! நேர்முகத்தில் அண்டை அயலைப் பற்றிக்கூடக் கேட்பார்களாம். அந்த வசனத்தையே பழகலாமே என்றாள். மறுக்க ஒரு காரணம் ஜொய்சிக்குக் கிடைக்கவில்லை. சொல்லிக் கொடுத்தாள். 'பார்ட்டி'யில் நாக்கை எங்கே வைப்பது, எந்த எழுத்தை விழுங்குவது என்று மெதுவாக, பிறகு சத்தமாக, பிறகு துண்டு துண்டாக. பார்ட்டி. பார்ட்டி. இன்னொரு தடவை, பார்ட்டி. ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். சிரிப்பதும் பாடத்தில் ஒரு பகுதி என்பது றொக்சனின் கட்டளை.

யூ லான் ஒரு பிசிறும் இல்லாமல் வசனத்தைச் சொல்லி முடித்தாள். பிறகு, மேளம் நின்றுவிட்டதே என்றாள்.

ஜொய்சி ஹெட்செட்டைக் கழற்றினாள். தப்புச் சத்தம் இல்லை. ஒப்பாரியும் இல்லை. லயத்துச் சுவர் கூரைவரை ஏறாது, முக்கால்வாசியில் நின்றுவிடும்; தகரம் மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒன்று. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சுவருக்கு மேலால் ஏறிப் பிரேதத்தின் தலைமாட்டில் போய் விழுந்திருக்கிறது. இங்கிலீஷ் தெரியாத வாய்க்கும் பார்ட்டி என்ற சொல் தெரியும். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால் இந்த லயத்தில் அதைப் பார்ட்டி என்றுதான் சொல்வார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜீவராணி கேட்டாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"ஜொய்சி, யாரு வீட்டுல பார்ட்டி, புள்ள?"

ஜொய்சிக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. கையை நீட்டித் திரைச்சீலையை இழுத்தாள். அச்சடித்த அலமாரி சரிந்தது, அரிசிச் சாக்கும் கூடையும் தெரிந்தன. பக்கத்தில் நடப்பது பார்ட்டி இல்லை, சாவு. நான் லண்டனில் பிறக்கவில்லை, இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், உனக்குச் சொன்னதெல்லாம் பொய் என்று யூ லானிடம் சொன்னாள்.

யூ லான் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் செத்தது என்று கேட்கவில்லை. அப்படியானால் என் உச்சரிப்பும் அந்தத் தோட்டத்து உச்சரிப்புத்தானா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, எச்சில் பட்டதைத் துடைப்பது போல, புறங்கையால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். திரை அணைந்தது. எல்லாப் பாடத்தையும் ஹட்டனில் இருந்தே பார்க்கும் றொக்சனின் அழைப்பு உடனேயே வந்து போன் அதிரத் தொடங்கியது. அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஜொய்சி எழுந்தாள்.

பக்கத்துக் காம்பராவில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. பவுலின் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். நிலைப்படியில் நின்ற ஜொய்சியின் முகத்தில் பவுடர் அப்படியே இருந்தது.

ராணியக்கா என்று கூப்பிட்டாள். ஜீவராணி தாயின் கால்மாட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

"பார்ட்டி இன்னும் முடியல. வந்து ஒக்காரு."

ஜொய்சி போய் உட்கார்ந்தாள்.