தொழில்: பிசினஸ்

வெல்டிங் செய்யக் கூடாது என்பது ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய ஆங்கிலத் தாளில் பதினோராவது வரியில் இருந்தது. செல்போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, ஆறு வாரத்துக்கு இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்த மருமகள் சிந்துஜா அந்த இடத்தில் நின்றாள். மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, மாமனாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னொரு தபா படிம்மா," என்றார் புகழேந்தி.

அவள் மறுபடியும் படித்தாள். அதே வரிதான். பக்கத்தில் நின்ற மகன் அறிவுச்செல்வன், இதெல்லாம் எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்துக் கொடுப்பது, அப்புறம் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றான். புகழேந்தி தாளை வாங்கி நான்காக மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அவருக்கு அறுபத்தாறு வயது. திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி எழும்பியிருக்கும் புது வீடுகளில் பாதிக்கு அவருடைய பட்டறையில் அடித்த இரும்பு கேட்டுதான். கிரிவலப் பாதையில் எத்தனையோ லாட்ஜுக்கு மாடி ஷெட்டும் படிக்கட்டுக் கம்பியும் போட்டவர். முப்பத்தெட்டு வருஷமாக வெல்டிங் ராடு பிடித்த கை. கூட வேலை செய்யும் மாறனுக்கே நாற்பது வயதாகிவிட்டது. இன்னமும் பெரிய கேட்டு என்றால் கடைசி ஜாயின்ட்டை அவன் விலகி நின்று இவரிடம்தான் விடுவான்.

போன ஆவணியில் ஒரு லாட்ஜில் ஏணிமேல் நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து கீழே சரிந்துவிட்டார். நல்ல காலம், நாலு படி உயரம்தான். அதற்கு முன்பே சில மாதங்களாகப் படி ஏறினால் மூச்சு வாங்கியது, நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருந்தது. வயதாகிவிட்டது என்று விட்டிருந்தார். எக்கோ எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசலில் இருக்கும் வால்வு, சுண்ணாம்பு படிந்த குழாய் மாதிரி கெட்டியாகிக் குறுகிப் போயிருந்தது. அப்படியே விட்டால் இரண்டு வருஷம் தாங்குவது கஷ்டம் என்றார்கள்.

அறிவுச்செல்வன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன்தான் விசாரித்து அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். வால்வை இரண்டு வழியில் மாற்றலாம் என்று அவனிடம் சொன்னார்கள், அவன் இவரிடம் சொன்னான். நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து செய்வது ஒன்று. மூன்று மாதத்துக்குக் கனமான எதையும் தூக்க முடியாது. இன்னொன்று, தொடையில் சின்னத் துளை போட்டு ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்திவிடுவது. நாலாம் நாள் வீடு, பத்தாம் நாள் வேலை. புகழேந்தி யோசிக்கவே இல்லை. தீபத்துக்கு முன்னால் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை மூன்று இருந்தது. தொடை வழியாகவே செய்யச் சொல்லுடா என்றுவிட்டார்.

வால்வு நன்றாகத்தான் பொருந்தியது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அரை மயக்கத்தில் டாக்டர்கள் பேசிக்கொள்வது கேட்டது. மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கியவர் அப்படியே சாய்ந்தார். நாடித்துடிப்பு இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. கழுத்து வழியாக ஒரு ஒயரை உள்ளே விட்டு இதயத்தை ஓட்டினார்கள். தானாகச் சரியாகிறதா என்று மூன்று நாள் பார்த்தார்கள். சரியாகவில்லை. நாலாம் நாள், வீட்டுக்குப் போக வேண்டிய அன்று, இடது தோளுக்குக் கீழே தோலைக் கீறி பேஸ்மேக்கர் என்கிற சின்னப் பெட்டியை வைத்துத் தைத்தார்கள். புது வால்வு உள்ளே விரிந்தபோது பக்கத்தில் ஓடும் மின்பாதையை அழுத்திவிட்டது, இனிமேல் இந்தப் பெட்டிதான் துடிப்பைக் கொடுக்கும் என்று ஒரு நர்ஸ் விளக்கினாள்.

"பயப்படாதீங்க ஐயா. இந்த வால்வு வெச்சா இது சகஜம்தான்," என்றாள்.

சகஜம் என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் புகழேந்திக்குக் கோபம் பிடித்துக்கொண்டது. சகஜம் என்றால் முன்னாலேயே தெரியும் என்றுதானே அர்த்தம்? தெரிந்தவர்கள் ஏன் சொல்லவில்லை? வீட்டுக்கு வந்து அந்தப் பதினோராவது வரியைக் கேட்ட பிறகு அந்தக் கோபம் அவரை விட்டு இறங்கவே இல்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். உயிரோடு இருக்கிறீர்களே, அண்ணாமலையார் காப்பாற்றினார், இந்த வயதில் எதற்கு வெல்டிங், உட்கார்ந்து சாப்பிடுங்கள். மனைவி தனமும் அதையே சொன்னபோது, பாதி சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மூச்சு வாங்குவது நின்றிருந்தது. நெஞ்சு வலி இல்லை. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினார். உடம்பு இவ்வளவு தெம்பாக இருக்க, தொழிலை மட்டும் பிடுங்கிக்கொண்டதுதான் அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் பட்டறைக்குப் போனார். மாறன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். இவர் மிஷினைப் போட்டு, கண்ணாடியை மாட்டி, ஹோல்டரில் ராடைச் செருகி, குனிந்தார். ராடு இரும்பைத் தொடுவதற்குள் மிஷின் உறுமுவது நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் மெயின் சுவிட்சில் கையை வைத்தபடி மாறன் நின்றான்.

"போடுடா," என்றார்.

"அண்ணி போன் பண்ணி எல்லாம் சொல்லிட்டாங்கண்ணே. கரண்டு ஜாஸ்தி இழுக்கிற மிஷின் இது. பெட்டி குழம்பிப்போய் துடிப்பக் குடுக்காம நின்னுடுமாம். நான் போட மாட்டேன்."

அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். மாறன் நகரவில்லை. புகழேந்தி ஹோல்டரைத் தரையில் எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் வணக்கம் சொன்ன இரண்டு பேருக்கு அவர் பதில் வணக்கம் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பெட்டியைச் சோதிக்கச் சென்னைக்குப் போனார்கள். வால்வை வைத்த டாக்டர் கஸ்தூரி ஐம்பது வயதுப் பெண்மணி, பொறுமையானவர். ஒரு டெக்னீசியன் பெட்டியின் வேகத்தை வெளியிலிருந்தே மெல்லக் குறைத்தார். ஐம்பது, நாற்பது, முப்பத்தைந்து. முப்பதில் புகழேந்தி தலை சுற்றிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உடனே வேகத்தை ஏற்றினார்கள். இதயம் சொந்தமாகத் துடிக்கவில்லை, முழுக்கப் பெட்டியை நம்பித்தான் ஓடுகிறது என்றார் டாக்டர். பிறகு அறிவுச்செல்வனைப் பார்த்து, வால்வு பிரமாதமாக இருக்கிறது, கசிவே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார்.

"அம்மா, இந்தப் பக்கம் பார்த்துப் பேசுங்க," என்றார் புகழேந்தி.

டாக்டர் திரும்பினார்.

"அஞ்சாறு நாள் என் தலைமாட்டுல நின்னு பேசினீங்க. எல்லாத்தையும் அவன்கிட்டதான் பேசினீங்க. எனக்குக் காது நல்லா கேக்கும். நான் ஒரு வெல்டருங்க. இந்தப் பெட்டி வெச்சா ராடு புடிக்க முடியாதுன்னு ஏன் எனக்குச் சொல்லல?"

டாக்டர் கஸ்தூரி அவரை ஒரு கணம் பார்த்தார். கம்ப்யூட்டரில் அவருடைய ஃபைலைத் திறந்து தேடினார்.

"நீங்க வெல்டரா? இதுல தொழில்ங்கிற இடத்துல பிசினஸ்னுல்ல இருக்கு."

டாக்டர் தொடர்ந்து படித்தார். புகழேந்தியின் ஈசிஜியில் ஆபரேஷனுக்கு முன்பே இதயத்தின் வலது பக்க மின்பாதையில் அடைப்பு தெரிந்திருந்தது. அப்படி இருப்பவர்களில் நாலு பேரில் ஒருவருக்காவது பேஸ்மேக்கர் தேவைப்படலாம், நெஞ்சைத் திறந்து செய்தால் அந்த ஆபத்து கம்மி என்பதை முதல் நாளே மகனிடம் விளக்கியிருக்கிறார். மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தேதியும் நேரமும் இருந்தது.

"அவன் கையெழுத்துப் போட்டான், சரி. நெஞ்சு யாருதுங்க?" என்றார் புகழேந்தி. அவர் குரல் உயரவில்லை. "நான் மயக்கத்துல கெடந்தேனா? நல்லா உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருந்தேன். வால்வு நல்லா இருக்குது, அதுக்கு உங்களைக் கும்பிடுறேன். ஆனா என்னைக் கேக்காததுக்கு என்னா சொல்றீங்க?"

டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். "சொல்லியிருக்கணும். அது எங்க தப்புதான்," என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று புகழேந்தி எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவருக்குச் சண்டை கிடைக்காமல் போனதில் கோபம் இன்னும் ஏறியது.

காரில் திரும்பும்போது, திண்டிவனம் தாண்டியதும் புகழேந்தி மகனிடம் கேட்டார்.

"தொழில்னு கேட்ட எடத்துல ஏன்டா பிசினஸ்னு எழுதின?"

அறிவுச்செல்வன் சாலையைப் பார்த்துக்கொண்டே, பட்டறை உங்களுடையதுதானே, ஓனர் என்றால் பிசினஸ்தானே என்றான். நாலைந்து கிலோமீட்டர் கழித்து அவனே பேசினான்.

"பெரிய ஆஸ்பத்திரிப்பா. வெல்டர்னு போட்டா மதிக்க மாட்டாங்களோன்னு நெனச்சேன்."

"நாலுல ஒருத்தருக்குன்னு சொன்னாங்களே, அது?"

"சொன்னா பயந்துடுவீங்க, ஆபரேஷனே வாணாம்னுடுவீங்கன்னு..."

"ஏணி மேல நின்னு நெருப்பு புடிச்சவன்டா நான். எனக்கா பயம்?" என்றார் புகழேந்தி. "நெஞ்ச அறுத்தாலும் பரவால்லன்னு சொல்லியிருப்பேன். இல்ல, எது வந்தாலும் வரட்டும், தொட வழியாவே செய்யுங்கன்னும் சொல்லியிருப்பேன். எதச் சொல்லியிருப்பேன்னு இப்போ எனக்கே தெரியல. அந்தக் கேள்வியே எங்கிட்ட வரலியே. நான் பொழைச்ச பொழப்ப சொல்லக் கூசுது உனக்கு. அந்தப் பொழப்புலதான்டா நீ படிச்ச."

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தச் சொன்னார். மகன் எவ்வளவோ கெஞ்சினான். ஃபைலைப் பின் சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கி, திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குத் தன் கையாலேயே இரண்டு பக்கம் கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில் பதில் வந்தது. தமிழில் எழுதி அனுப்பவும் என்று அதன் மேலேயே எழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துத் தமிழில் வந்தது. நடந்ததற்கு வருந்துகிறோம், இனிமேல் ஆபத்துகளை விளக்கும் தாள் தமிழிலும் தரப்படும், நோயாளியிடமே அவர் செய்யும் வேலை என்ன என்று கேட்கப்படும் என்று இருந்தது. தனம் இனியாவது ஆறுங்கள் என்றாள். யார் வருந்துகிறார் என்று ஒரு பேர்கூட இல்லையே என்றார் அவர்.

பட்டறைக்குப் போகிறார். அளவு எடுக்கிறார், இரும்பு வாங்குகிறார், வரைந்து கொடுக்கிறார். மாறன் மிஷினைப் போடும்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்கிறார். அங்கிருந்தே ஜாயின்ட் சரியில்லை என்று சத்தம் போடுகிறார். சில நாள் அது சரியாகவே இருக்கும். அறிவுச்செல்வன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எடுக்கிறார், மாத்திரை சாப்பிட்டேன் என்கிறார், தனத்திடம் கொடுத்துவிடுகிறார். செக்கப்புக்குத் தனியாகத்தான் பஸ்ஸில் போய் வருகிறார். டாக்டர் கஸ்தூரி இப்போது நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுத்தான் பேசுகிறார்.

பங்குனியில் அடி அண்ணாமலையிலிருந்து சகாதேவன் என்ற விவசாயி, இவரைப் பற்றிக் கேள்விப்பட்டு மகளோடு வீட்டுக்கு வந்தார். எழுபது வயது. அதே வால்வு நோய், அதே தொடை வழி ஆபரேஷன், தேதியும் குறித்தாயிற்று. அப்பா கொஞ்சம் தயங்குகிறார், ஒன்றும் இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மகள் அருணாதேவி வாசலிலேயே அவர் காதில் சொன்னாள்.

புகழேந்தி அவரை உட்காரவைத்து முதலில் நல்லதைச் சொன்னார். மூச்சு வாங்குவதில்லை, போன பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி நடந்தேன், இல்லையென்றால் இந்நேரம் படமாகத் தொங்கியிருப்பேன். பிறகு சட்டைப் பட்டனைக் கழற்றித் தோலுக்கடியில் புடைத்திருந்த பெட்டியைக் காட்டினார். எல்லோருக்கும் இது வராது, எனக்கு வந்தது என்றார். சிலருக்குப் பக்கவாதம் வரலாம், சிலருக்கு வால்வு ஓரமாகக் கசியலாம், உங்களுக்கு எது எவ்வளவு என்பதை டாக்டரிடம் நீங்களே கேளுங்கள் என்றார்.

"எதுக்குங்க இதெல்லாம் சொல்லிப் பயமுறுத்துறீங்க?" என்றாள் அருணாதேவி. அவள் கண் கலங்கியிருந்தது.

சகாதேவன் மகளைப் பார்த்தார். "உனக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?"

அவள் மடியில் இருந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"பையில ஃபைலு இருக்குதில்ல. எடு. எனக்கு என்னா போட்டிருக்காங்கன்னு படி."

அவள் எடுத்துப் படித்தாள். சகாதேவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டார். பெட்டி வைத்தால் மோட்டார் கொட்டகையில் சுவிட்ச் போடலாமா என்று கேட்டார். அதை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று மகள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். கடைசியில், சரி, இந்த வழியிலேயே செய்துகொள்கிறேன், ஆனால் கையெழுத்து நான்தான் போடுவேன் என்றார். முகத்தில் பயம் எதுவும் இல்லை. தனம் கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

புகழேந்தி வாசலில் நின்று அவர்கள் ஆட்டோ ஏறுவதைப் பார்த்தார். மனசு நிறைந்திருக்கும் என்று நினைத்துத் தனம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கால் மணி நேரம் ஆச்சா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான் இருக்கும்."

"அவ்வளவுதான்டி. அந்தக் கால் மணி நேரத்தத்தான் எனக்கு யாரும் குடுக்கல," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறையைப் பார்த்து வேகமாக நடந்தார்.